ஸ்ப்ளெண்டரை வெட்டி ‘ட்ரயல்ஸ்’ வண்டி ஆக்கலாமா? ரீல்ஸ் பார்க்கும் தம்பிகளுக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் சில வார்த்தைகள்

லைசென்ஸ் எடுக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் ‘எட்டு’ போட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான் அன்று அதிகம் சொதப்புவார்கள். கால் கீழே பட்டால் போச்சு, கோட்டைத் தாண்டினால் போச்சு. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம், கிளட்சைக் கொஞ்சம், பின் பிரேக்கைக் கொஞ்சம் என்று மூன்றையும் ஒன்றாகப் பிடித்து, நடக்கிற வேகத்தில் வண்டியைத் திருப்பத் தெரிந்தவர்தான் பாஸ்.

அந்த எட்டை எடுத்து, தார் தரைக்குப் பதில் பாறை, மரக்கட்டை, ஓடைக்கல், சேறு எல்லாம் போட்டால் அதுதான் ‘ட்ரயல்ஸ்’. உலகத்தில் மோட்டார் சைக்கிள் விளையாட்டுகளிலேயே மிக மெதுவானது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் ‘ட்ரயல்ஸ் வண்டி பண்ணப் போறேன்’ என்று ஒரு தம்பி சொன்னால், நூற்றுக்குத் தொண்ணூறு அவன் மனசில் இருப்பது வீலிங்தான். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்கொன்று எதிர் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் திருத்தங்கலில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பா பட்டாசு குடோனில் லோடு ஏற்றும் வேலை. மகன் பாலிடெக்னிக். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்ப்ளெண்டர். மகன் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அப்பா ஊருக்குப் போயிருந்த இரண்டு நாளில், தெரிந்த பட்டறையில் வைத்து வண்டியின் பின்பக்க சேஸிஸை வெட்டினான். சீட் போச்சு, மட்கார்ட் போச்சு, சைலன்சரைத் திறந்து உள்ளே இருந்த தகரத்தை உருவியாயிற்று. மூன்றாம் நாள் ரோட்டில் போலீஸ் பிடித்தது. அபராதம் ஒரு பக்கம். அதைவிட, காலையில் ஆறு மணிக்கு வேலைக்குப் போக வண்டி இல்லை. அப்பா என்னிடம் சொன்னது இதுதான்: “அவன் வெட்டுனது வண்டிய இல்லண்ணே, நான் வேலைக்குப் போற வழிய.”

மகன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்குக் கையில் வேலை தெரியும், ஆர்வம் இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்கே ஓட்டுவது என்று ஓர் இடமும் இல்லை. இந்த இரண்டு குறைகளையும்தான் பேசப்போகிறேன்.

முதலில், இது என்ன விளையாட்டு?

பாறை, ஓடை என்று இயற்கையான இடங்களில் கயிறு கட்டி ‘செக்‌ஷன்’ பிரிப்பார்கள். ஒவ்வொன்றையும் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி அபராதம். இரண்டு முறை என்றால் 2. மூன்று முறைக்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3. விழுந்தால், கயிற்றைத் தாண்டினால் 5. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவரே ஜெயித்தவர். எட்டு போடும்போது இன்ஸ்பெக்டர் பார்ப்பதும் இதையேதான்.

ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரைச் சுற்றி நடக்கும் ஆறு நாள் ட்ரயல் போட்டி 100 ஆண்டுகளைத் தாண்டியது. நம்ம ஊருக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1952-லும் 1957-லும் அதை ஜெயித்தவர் ஜானி பிரிட்டன். அவர் ஓட்டியது ராயல் என்ஃபீல்ட் புல்லட். 1948-ல் பின்பக்க ஷாக் அப்சார்பரோடு புது புல்லட்டை அந்தக் கம்பெனி முதலில் இறக்கியதே இப்படிப்பட்ட போட்டிகளில்தான். அப்போதெல்லாம் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்தால் வண்டி பிடி இழந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். கல்லிலும் சேற்றிலும் ஓட்டிக் காட்டித்தான் அந்த நம்பிக்கையை உடைக்க முடிந்தது. 1955-ல் அந்தக் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஆனது, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. அதாவது, நம்ம ஊர் மைனர்கள் ‘டுப்பு டுப்பு’ என்று ஓட்டிய புல்லட்டின் மூதாதை ஒரு ட்ரயல்ஸ் வண்டி.

2019 மார்ச்சில் அந்தப் பெருமையை நினைவுபடுத்த ‘புல்லட் ட்ரயல்ஸ்’ என்று 350, 500 இரண்டிலும் ஒரு மாடல் விட்டார்கள். மேலே தூக்கிய சைலன்சர், ஒற்றை சீட், கட்டம் போட்ட டயர். பார்க்க ரொம்ப அழகு. ஆனால் 350-ன் எடை மிக அதிகம்! இன்றைய உண்மையான ட்ரயல்ஸ் வண்டி 70 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். நம்ம தெருவில் பால்காரர் ஓட்டும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை விடவும் லேசு. அந்த புல்லட் மாடல் சீக்கிரமே விற்பனையிலிருந்து போய்விட்டது. ஸ்டிக்கரும் டயரும் ஒரு வண்டியை ட்ரயல்ஸ் வண்டி ஆக்கிவிடாது என்பதற்குக் கம்பெனியே தயாரித்த உதாரணம் என்றுதான் அதை நான் பார்க்கிறேன். புல்லட் ரசிகர்கள் மன்னிக்கவும்.

சாதா வண்டியில் என்ன மாற்ற வேண்டும்?

சரி, கையில் இருப்பது ஸ்ப்ளெண்டர் மாதிரி ஒரு 100 சி.சி. வண்டி. எடை 112 கிலோ. தரைக்கும் இன்ஜினுக்கும் இடைவெளி 165 மில்லிமீட்டர். ட்ரயல்ஸ் வண்டியில் அந்த இடைவெளி 300-ஐத் தாண்டும். சீட் என்று ஒன்று கிட்டத்தட்டக் கிடையாது, ஏனென்றால் யாரும் உட்காரப் போவதில்லை. முழு நேரமும் நின்றுகொண்டுதான் ஓட்டம். பெட்ரோல் டேங்க் சுமார் 2 லிட்டர்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, உடனே வெல்டிங் பட்டறைக்கு ஓட வேண்டாம். எதை முதலில் தொட வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பணம் குறைவாகவும் பலன் அதிகமாகவும் தருவது செயின் ஸ்பிராக்கெட். கணக்கு எளிது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் ஸ்பிராக்கெட் 3 சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 12, பின்னால் 48 போட்டால் 4 சுற்றுக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு கியரிலும் வேகம் கால்வாசி குறையும், இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடும். முதல் கியரில் வண்டி நடைவேகத்துக்கு வந்துவிடும், கிளட்சைப் போட்டு வதைக்க வேண்டியதில்லை. செயினில் சில கண்ணிகள் கூட்ட வேண்டிவரும், அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம். வெட்டிய சேஸிஸை அப்படி ஒட்ட முடியாது.

அடுத்தது நிற்கும் இடம். சாதா வண்டியின் ஃபுட்ரெஸ்ட் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு வைத்தது. அதில் எழுந்து நின்றால் ஹேண்டில்பார் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும், முதுகு வளையும். ஹேண்டில்பாரை உயரமானதாக மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. ஃபுட்ரெஸ்டைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோனால் முன்சக்கரம் எளிதாக எழும். அதற்குப் போல்ட் போட்டு மாட்டும் ஒரு தனி பிராக்கெட் போதும். சிவகாசியில் இதைச் செய்து தர லேத் பட்டறைக்கா பஞ்சம்? அச்சு மிஷினுக்கு ஜெர்மனியிலிருந்து வராத பல்லை இங்கேயே கடைந்து போட்ட ஊர்.

மூன்றாவது மட்கார்ட். இதை நம்ம கரிசல் காட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மழை பெய்த மறுநாள் கரிசலில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? பத்தடி போவதற்குள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. குச்சியை எடுத்து நோண்டிக்கொண்டு நிற்போம். காட்டு வண்டிகளில் முன் மட்கார்டை டயரிலிருந்து தூக்கி, ஃபோர்க்குக்கு மேலே வைப்பது ஸ்டைலுக்காக இல்லை, இந்த மண்ணுக்காகத்தான்.

டயர் காற்றில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ட்ரயல்ஸ் போட்டிகளில் டயரில் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. காற்றுதான் இருக்கும் என்று யூட்யூபில் கேட்டுவிட்டு, ஸ்ப்ளெண்டர் டயரில் காற்றை இறக்கிவிடுகிறார்கள். அந்தப் போட்டி டயரின் பக்கச் சுவர் வேறு, ரிம் வேறு. நம்ம ட்யூப் டயரில் அவ்வளவு இறக்கினால் டயர் ரிம்மில் நழுவும், உள்ளே ட்யூப் கூடவே இழுபட்டு வால்வு பிய்ந்துவிடும். கொஞ்சம் இறக்கலாம்; முழுதாக இறக்கக் கூடாது. அதோடு, வார்ப்பு அலாய் வீல் போட்ட வண்டியைக் கல்லில் ஏற்றாதீர்கள். ஸ்போக்ஸ் வீல் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும், நமக்குத் தெரியாது.

இன்ஜினுக்கு அடியில் கனமான ஒரு தகட்டை மாட்டுவது, லீவர் உடையாமல் இருக்க அதன் பிடியைக் கொஞ்சம் தளர்வாக விடுவது எல்லாம் சின்ன வேலைகள். ஷாக் அப்சார்பரை மாற்றுவது காசு பிடிக்கும் வேலை. அது வருஷம் கழித்துப் பார்க்கலாம்.

தொடவே கூடாதது சேஸிஸ். குறிப்பாக ஹேண்டில் தண்டு உட்காரும் கழுத்துப் பகுதி. ஹேண்டில் இன்னும் அதிகமாகத் திரும்ப வேண்டும் என்று அங்கே வெட்டி வெல்டிங் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய குழாயில் வைத்த வெல்டிங்கின் பக்கத்து இரும்பு சூட்டில் குணம் மாறிவிடும். வண்டி பாறையிலிருந்து இறங்கும்போது முழு அடியும் அந்த இடத்தில்தான் விழும். முறிந்தால் முதலில் தரையில் படுவது முகம்.

ஒருவர் வண்டியைப் பல வருஷம் இழைத்து இழைத்துச் செய்த கதை உலகத்தில் இருக்கிறது. சாமி மில்லர் என்ற அயர்லாந்துக்காரர், 500 சி.சி. ஏரியல் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு கிராம் கிராமாக எடையைக் குறைத்தார். பிறகு ஸ்பெயினின் புல்டாகோ கம்பெனிக்குப் போய், லேசான டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைச் சேர்ந்து உருவாக்கி, 1965-ல் அந்த ஸ்காட்லாந்து போட்டியை ஜெயித்தார். கனமான நாலு-ஸ்ட்ரோக் காலம் அதோடு முடிந்தது. அவர் செய்ததும் பட்டறை வேலைதான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தையும் ஓட்டிப் பார்த்து, அடுத்ததைத் தொட்டார். இரண்டு நாளில் எல்லாவற்றையும் வெட்டிப் போடவில்லை.

சைலன்சர்: இந்த ஊருக்கென்று ஒரு விஷயம்

சைலன்சரைத் திறந்து உள்ளே இருப்பதை உருவினால் சத்தம் வரும், பவரும் வரும் என்று ஒரு நம்பிக்கை. சத்தம் வரும். பவர் வராது; சின்ன இன்ஜினில் கீழ்வேக இழுவை பெரும்பாலும் குறையவே செய்யும். ட்ரயல்ஸுக்குத் தேவையே அந்தக் கீழ்வேக இழுவைதான். உண்மையான ட்ரயல்ஸ் வண்டிகள் காதுக்கு மிக அமைதியானவை.

அது கிடக்கட்டும். சைலன்சர் வழியே சூடான கரித்துகள்கள் வெளியே வரும். அவற்றைப் பிடித்து வைக்கும் பொருளுக்குப் பெயர் ‘ஸ்பார்க் அரெஸ்டர்’, பொறி தடுப்பான். அமெரிக்காவின் தேசியக் காடுகளில் காட்டு வண்டி ஓட்ட வேண்டும் என்றால் இது கட்டாயம். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும் என்பதால். நம் ஊரில் இந்த வார்த்தையை வெடிபொருள், பெட்ரோல் சம்பந்தப்பட்ட வளாகங்களின் வாசலில் கேட்கலாம். செம்பு, பித்தளைக் கருவிதான் பயன்படுத்த வேண்டும், இரும்பு உரசக் கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்று ஒரு பொறிக்குப் பயந்து அன்றாடம் வாழும் மண் இது. அந்த மண்ணில், ‘பட் பட்’ என்று தீ கக்கும் சைலன்சரோடு வெம்பக்கோட்டை ரோட்டில் போவதை நான் வெறும் இம்சையாகப் பார்க்கவில்லை.

2023 தீபாவளிக்கு முன் திருச்சி பக்கம் சிறுகனூரில் நடந்தது நினைவிருக்கும். வண்டியின் முன்னால் பட்டாசைக் கட்டி, கொளுத்திவிட்டு, தேசிய நெடுஞ்சாலையில் வீலிங் செய்து வீடியோ போட்டார்கள். கைதும் நடந்தது. பட்டாசு நம்ம ஊர்ச் சரக்கு என்பதால் இங்கே நிறைய பேர் அந்த வீடியோவைச் சிரித்துக்கொண்டே ஷேர் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்யும்போது விழுந்து, கைதாகி, அவருடைய லைசென்ஸ் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. இந்த இரண்டிலும் வண்டியை விட ரோடுதான் பிரச்சினை. பக்கத்தில் போகும் பஸ்ஸில் இருந்தவர்கள் இந்த விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சேஸிஸ் ஒன்று, சைலன்சர் ஒன்று என்று கணக்கு ஏறும்.

வண்டி 18 வயது ஆகாத பையன் கையில் இருந்தால் இன்னும் மோசம். பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இவ்வளவும் போக, மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்க ஒரு காரணம் தயாராகக் கிடைத்துவிடும்.

ஆகவே ஒரே வழி: அன்றாடம் வேலைக்குப் போகும் வண்டியைத் தொடாதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து, ரோட்டில் ஓடாத பழைய வண்டி ஒன்றை வாங்குங்கள். ஆர்.சி.யை என்ன செய்வது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மைதானத்துக்குக் குட்டியானையில் ஏற்றிப் போங்கள். வெளிநாட்டில் போட்டிக்குப் போகிறவர்களும் வண்டியை வேனில் ஏற்றித்தான் போகிறார்கள், ஓட்டிக்கொண்டு போவதில்லை.

எந்த மைதானத்துக்கு?

இங்கேதான் எனக்கு அரசாங்கத்தின் மேல் கோபம் வருகிறது.

தமிழ்நாட்டில் மோட்டார் விளையாட்டு புதுசு இல்லை. சோழவரத்தில் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டை வந்தது. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நாட்டின் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைமையகமே சென்னையில்தான். ஆனால் விருதுநகரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். பாலிடெக்னிக் பையன் எப்படிப் போவான்? அவனுக்கு இருப்பது நான்குவழிச் சாலையின் சர்வீஸ் ரோடு, கண்மாய்க் கரை, கைவிட்ட கல்குவாரி, மேற்கே காடு. சர்வீஸ் ரோட்டில் ஓட்டினால் குற்றம். கண்மாய்க் கரையில் ஏற்றி இறக்கினால் கரை பலவீனமாகும், விவசாயி அடிக்க வருவார். அவர் பக்கம்தான் நியாயம். குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து மலைக்காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே டயர் வைப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

ரேஸ் டிராக் கட்ட பல கோடி வேண்டும். ட்ரயல்ஸுக்கு அது வேண்டாம். தார் வேண்டாம், கேலரி வேண்டாம். ஒரு ஏக்கர் கல்லுக்காடு, பத்து லோடு பாறை, நாலு பனந்தடி, இரண்டு பழைய சிமென்ட் குழாய், சுற்றி வேலி. நடைவேகம்தான் என்பதால் பெரிய காயம் அரிது. ஹெல்மெட்டும் பூட்ஸும் முழங்கால் கவசமும் கட்டாயம். பயன்படாமல் கிடக்கும் புறம்போக்கு நிலம் இந்த மாவட்டத்தில் இல்லையா? சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் ஒரு மூலையைச் சுத்தம் செய்து, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் கொடுத்தால் போதும்.

‘ஆபத்தான விளையாட்டுக்கு அரசாங்கமே இடம் கொடுக்கலாமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆபத்தான காரியத்தை எப்படிக் கையாள்வது என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், மருந்து இவ்வளவுதான் வைக்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதி மதிக்கப்பட்ட இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆண்டு முழுக்க வேலை செய்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். மதிக்கப்படாத இடங்களின் பெயரும் நமக்குத் தெரியும். 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சன்குளம். முதலிப்பட்டியில் இறந்தவர்களில் வேடிக்கை பார்க்கவும் உதவவும் ஓடிப்போனவர்களும் இருந்தார்கள். தனி இடம், குறைந்த ஆள், போதிய இடைவெளி என்பதை மருந்துக்கு ஏற்றுக்கொண்ட நாம், பத்தொன்பது வயசுப் பையனுக்கும் வண்டிக்கும் மட்டும் ‘செய்யாதே’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவன் செய்கிறான், எல்லோரும் போகும் ரோட்டில்.

மைதானம் வந்துவிட்டால் வீலிங் நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ரீல்ஸுக்காகச் செய்கிறவனுக்குக் கல் ஏறுவது போரடிக்கும். ஆனால் உண்மையிலேயே வண்டி மேல் ஆசை இருக்கிறவனை அவனிடமிருந்து பிரித்து எடுக்க முடியும். அந்த இரண்டு வகைப் பையன்களும் இப்போது ஒரே கேஸில், ஒரே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மைதானம் வரும் வரை?

சைக்கிள் இருக்கிறதே. இதைச் சொன்னால் தம்பிகள் சிரிக்கிறார்கள். பொங்கலுக்கு ஊரில் ‘ஸ்லோ சைக்கிள் ரேஸ்’ வைப்பார்களே, கடைசியாக வருபவருக்குப் பரிசு, கால் ஊன்றினால் அவுட். அது ட்ரயல்ஸ் இல்லாமல் வேறென்ன? ஸ்பெயினில் மோட்டார் ட்ரயல்ஸ் ஓட்டிய பெரே பீ தன் மகன் ஓட் பீயைச் சைக்கிளில்தான் பழக்கினார். அதிலிருந்து சைக்கிள் ட்ரயல்ஸ் என்று தனி விளையாட்டே வளர்ந்து, மகன் உலக சாம்பியன் ஆனார். 2009-ல் டேனி மக்காஸ்கில் எடின்பரோ தெருக்களில் சைக்கிளில் செய்ததை உங்களில் பலர் போனில் பார்த்திருப்பீர்கள். 2007-லிருந்து 2024 வரை ஒரு வருஷம் விடாமல் உள்ளரங்கம், வெளியரங்கம் இரண்டிலும் உலகப் பட்டம் வென்ற டோனி போவும் சின்ன வயசில் சைக்கிள் ட்ரயல்ஸ் ஓட்டியவர்தான்.

பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளே பயிற்சிக்குப் போதும், குதிப்பதற்கு அல்ல. சீட்டை முழுதாக இறக்கிக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, நின்ற இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள். முதல் நாள் இரண்டு நொடி நிற்க முடியாது. ஒரு மாதத்தில் ஒரு நிமிஷம் நிற்கலாம். பிறகு ஒரு செங்கல் மேல் முன்சக்கரத்தை ஏற்றுங்கள். அதன்பிறகு பின்சக்கரம். செங்கல் ஏறாதவனுக்குப் பாறை ஏறாது, வண்டியில் எத்தனை ஆயிரம் கொட்டினாலும்.

திருத்தங்கல் தம்பியின் ஸ்ப்ளெண்டர் திரும்பி வந்துவிட்டது. வேறொரு பட்டறையில் பழையபடி பின்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள், தழும்பு மாதிரி வெல்டிங் கோடு தெரிகிறது. அப்பா அதில் யாரையும் பின்னால் ஏற்றுவதில்லை. பையன் இப்போது தங்கையின் ஸ்கூல் சைக்கிளை வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் ஆறு செங்கல் அடுக்கி ஓட்டுகிறான். தங்கைதான் இன்ஸ்பெக்டர், கால் ஊன்றுவதை நோட்டில் எழுதுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கணக்கு மூன்று. அதில் ஒன்று தப்பாக எழுதியது என்று அவன் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.